கயிற்றின் மறுமுனையில் ஒருவர்



ஐப்பசி பிறந்தாயிற்று. மழை வருகிறதோ இல்லையோ, என் கைப்பேசிக்கு மழை வீடியோக்கள் வரத் தொடங்கிவிட்டன. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டுகிறது. அதற்கு முன்னால் நாலு பையன்கள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுகிறது. ஒருவன் பைக்கை விட்டுக் கடக்கிறான். அனுப்புகிறவர்கள் எல்லாம் இளவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப்பேர் நம் செட்டு, பென்ஷன் வாங்குகிறவர்கள். வீடியோவுக்குக் கீழே ஒரு கட்டைவிரல், ஒரு கைதட்டல்.

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்து ஒரு நண்பர் சொன்னார்: "விடுங்க அண்ணாச்சி, வயசு அப்படி. அவன் உயிரு, அவன் இஷ்டம். போனா அவனுக்குத்தான நட்டம்?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அங்கே வாதாடவில்லை. ஒரு கிளாஸ் டீக்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. 33 வருடம் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையில் இருந்தவன் என்ற முறையில் இங்கே சொல்கிறேன். அந்த வாக்கியம் பொய்.

ஆபத்தான வானிலையில் ஒருவன் மலைக்கோ அருவிக்கோ ஆற்றுக்கோ போய் மாட்டிக்கொண்டால் அவனைத் தேடி யாராவது போயே ஆகவேண்டும். அந்த யாராவதுக்கு ஒரு பெயர் உண்டு, வீடு உண்டு, ரேஷன் கார்டில் நாலு பேர் உண்டு. அவரைக் கேட்காமலே அவர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டுத்தான் இவன் தடுப்பைத் தாண்டுகிறான். இதில் 'அவன் இஷ்டம்' எங்கே வந்தது?

மீட்பு வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. 101-க்கு அழைப்பு வரும். மணி அடிக்கும். ஸ்டேஷனில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். வண்டி ஒரு நிமிஷத்தில் வாசலைத் தாண்டவேண்டும். எத்தனை பேர், எந்த இடம், தண்ணீர் எவ்வளவு என்ற விவரமெல்லாம் பெரும்பாலும் போகும் வழியில்தான் தெரியவரும். "இன்னைக்கு வெள்ளம் ஜாஸ்தி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. அருவிக்குப் போகிறவனுக்கு முந்தின ராத்திரி முழுக்க யோசிக்க நேரம் இருந்தது. வீட்டில் அம்மா சொல்லியிருப்பார். டிவியில் சொல்லியிருப்பார்கள். தடுப்புப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சொல்லியிருப்பார். இத்தனை பேர் சொல்லியும் கேட்காதவனுக்கு இஷ்டம் என்று ஒன்று இருந்தது. அவனைத் தூக்கப் போகிறவருக்கு அது இல்லை.

நாங்களாவது சம்பளத்துக்குப் போனவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் யார் தொலைந்தாலும் முதலில் போவது வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களும், மலையிலேயே குடியிருக்கும் காணிக்காரர்களும் பளியர்களும், எஸ்டேட் தொழிலாளர்களும்தான். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். அனுமதி இல்லாத பாதையில் போன கூட்டம் அது. முதலில் மேலே ஓடியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். கிடைத்த போர்வையில் டோலி கட்டி, வெந்த உடம்புகளைத் தோளில் சுமந்து இருட்டில் இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டரெல்லாம் அதற்கப்புறம்தான். அப்படியும் 23 உயிர் போயிற்று. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் வெயில் காலமும் ஆபத்தான வானிலைதான் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு, குளம் என்றால் உள்ளூரில் நீச்சல் தெரிந்த யாராவது குதிப்பார். அவருக்குச் சம்பளமும் இல்லை, இன்சூரன்சும் இல்லை.

என் சர்வீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், இதே ஐப்பசி மாதம். அணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள், யாரும் ஆற்றில் இறங்கவேண்டாம் என்று காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லியாயிற்று. மத்தியானம் அழைப்பு வருகிறது. ஆற்று நடுவில் பாறைத் திட்டில் ஐந்து பேர். வெளியூர்ப் பையன்கள். போகும்போது முழங்கால் தண்ணீராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரைக்கும் திட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஸ்டேஷனில் மூத்த தீயணைப்போர் ஒருவர் இருந்தார். அதிகாரி முதற்கொண்டு எல்லாருமே அவரை 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர், தண்ணீரில் மீன் மாதிரி. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர்தான் இறங்கினார். இப்போதெல்லாம் பயிற்சியில் அப்படி முடிச்சுப் போட்டு இறங்கக்கூடாது என்கிறார்கள். ஓடும் தண்ணீரில் கயிறே ஆளை அமுக்கிவிடும். அன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்தக் கயிறுதான். கரையில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் இன்னும் இரண்டு பேரும்.

நாலு பேரைக் கொண்டுவந்துவிட்டார். ஐந்தாவது ஆளுக்குப் போகும்போது மேலேயிருந்து ஒரு மரத்தடி உருண்டு வந்து அவர் தோளில் அடித்தது. ஆள் உள்ளே போய்விட்டார். எங்கள் கையில் கயிறு மட்டும் விறைத்து நின்றது. ஒன்றிலிருந்து எண்ணியிருந்தால் பத்துகூட ஆகியிருக்காது. ஆனால் அந்தப் பத்தில் நான் அவர் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்றுவரை யோசித்துவிட்டேன். அவர் மேலே வந்தார். ஒற்றைக் கையால் பாறையைப் பிடித்து ஏறி, அந்தக் கடைசிப் பையனையும் கொண்டுவந்துதான் கரையில் விழுந்தார்.

ஐந்து பேரும் பிழைத்தார்கள். ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் என்னிடம் வந்து கேட்டான்: "சார், அந்தப் பாறையில என் கேமரா பை இருக்கு. அதை எடுத்துத் தரமுடியுமா?"

அவன் கெட்ட பையன் இல்லை. நல்ல வீட்டுப் பிள்ளைதான். அவன் கண்ணுக்கு நாங்கள் ஆட்களாகத் தெரியவில்லை; கூப்பிட்டால் வருகிற ஒரு வசதியாகத் தெரிந்தோம், அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் 'ஆற்றில் சிக்கிய 5 பேர் பத்திரமாக மீட்பு' என்று வந்தது. ஆறாவது ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணனின் வலது கை அதற்கப்புறம் தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. தை மாதம் மகள் கல்யாணத்தில் அட்சதையை இடது கையால்தான் போட்டார். மண்டபத்தில் யாரோ ஒரு பாட்டி, "இடது கையால போடலாமா?" என்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

'போனா அவனுக்குத்தான நட்டம்' என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இனி தண்ணீரைப் பற்றி. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள தொட்டியில் பிடிக்கிற தண்ணீரின் எடை 1,000 கிலோ. ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். அதனால்தான் நேற்று நின்று குளித்த அதே இடத்தில் இன்று முழங்கால் ஆழம்கூட ஆளைச் சாய்த்துவிடுகிறது. நீச்சல் தெரிந்தும் பயனில்லை. நீச்சல் குளத்தில் தண்ணீர் நம்மோடு சண்டை போடுவதில்லை. வெள்ளத்தில் கல் வருகிறது, மரம் வருகிறது, முள்கம்பி வருகிறது.

வானிலை மையம் ஆரஞ்சு அலர்ட் என்று சொன்னால் ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை வரலாம் என்று பொருள். ரெட் அலர்ட் என்றால் 20-க்கு மேல். 20 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் மட்டும் 8 லட்சம் லிட்டர் தண்ணீர். நம்மில் வயல் வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு என்று புரியும். சமவெளியில் வரப்பு இருக்கிறது, குளம் இருக்கிறது, தண்ணீர் கொஞ்சம் நிற்கும். மலையில் அது எங்கே நிற்கும்? ஆயிரக்கணக்கான ஏக்கரில் விழுந்ததெல்லாம் ஓடை ஓடையாகச் சேர்ந்து ஒரே வாய் வழியாக இறங்குகிறது. அந்த வாய்க்குக் கீழேதான் நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. மேலே காட்டில் மழை கொட்டும்போது கீழே வெயில் அடிக்கும். "மழையே இல்லை, எதுக்கு அருவியை மூடுறாங்க?" என்று போலீஸ்காரரோடு சண்டை போடுகிறவர்களை எல்லாச் சீசனிலும் பார்க்கலாம். 2024 மே 17 பிற்பகல் பழைய குற்றாலத்தில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சீசன்கூடத் தொடங்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலைமேல் திடீரென்று காட்டு வெள்ளம் இறங்கியது. படிக்கட்டில் ஆட்கள் விழுந்தடித்து ஓடும் வீடியோவை ஊரே பார்த்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அந்தப் பிள்ளையையோ அவனைக் கூட்டிவந்தவர்களையோ நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். மற்றவர்களைப் போல் குளிக்க வந்தவன். தண்ணீர் நொடியில் வந்துவிட்டது. நான் குறை சொல்வது அதையெல்லாம் பார்த்த பிறகும், தடை போட்ட நாளில் குறுக்குப் பாதை தேடிப் போகிறவர்களை. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்றால் அது வேடிக்கை பார்க்கக் கூப்பிடும் செய்தி இல்லை. அன்றைக்குக் கிளம்பவேண்டாம் என்ற செய்தி.

"அலர்ட் சொன்ன நாளெல்லாம் மழை வந்துச்சா?" என்று கேட்பார்கள். வராது. பல நாள் வராது. குடையோடு போய் மழை பெய்யாவிட்டால் குடையைத் திட்டுகிறோமா?

இன்னொரு வாதம், "இதுக்குத்தான அரசாங்கம் இருக்கு, காப்பாத்த வேண்டியது அவங்க கடமை" என்பது. கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் கடமைக்கு இருக்கிற கைகள் எத்தனை? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நெல்லை, தூத்துக்குடி முழுக்கத் தண்ணீர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. பால் இல்லாத குழந்தைகள், மாத்திரை தீர்ந்த பெரியவர்கள், பிரசவத்துக்கு நாள் குறித்திருந்த பெண்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து மீனவர்கள் தங்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருவில் இறக்கினார்கள். ஒவ்வொரு படகும் ஒவ்வொரு கயிறும் தங்கம். அப்படிப்பட்ட நாளில் வெள்ளம் பார்க்கப் போய் மாட்டுகிறவன் ஒரு படகைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். அந்தப் படகு போகாத தெருவில் யார் இருந்தார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

மீட்கப் போனவர் திரும்பி வராத கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. எனக்கு மறக்காதது அமெரிக்காவில் நடந்த ஒன்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் என்று ஒரு மலை. உயரம் 1,917 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா அதைவிட 700 மீட்டருக்கு மேல் உயரம். ஆனால் வானிலையில் அது பொல்லாத மலை. 1934-இல் அங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. 1982 ஜனவரியில் ஹ்யூ ஹெர் என்ற 17 வயதுப் பையனும் அவனைவிட மூன்று வயது மூத்த நண்பரும் பனிச்சரிவு ஒன்றில் ஏறினார்கள். ஏறி முடித்ததும் இறங்கியிருக்கலாம். பனிப்புயலில் உச்சியையும் பார்த்துவிடலாம் என்று போனார்கள். வழி தவறி மலையின் வேறு பக்கம் இறங்கி, உறைபனியில் மூன்று இரவு கிடந்தார்கள். தேடப் போன தொண்டர்களில் ஒருவர் ஆல்பர்ட் டவ். வயது 28. பனிச்சரிவு அவரை மூடிவிட்டது. பையன்கள் இருவரும் பிழைத்தார்கள். ஹெர்ருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போயின. பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்வதில் உலகப் புகழ் பெற்றார். தனக்காக இறந்த அந்த மனிதரைப் பற்றிப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். நல்ல மனிதர், கடனை உணர்ந்தவர். ஆனாலும் டவ் திரும்பி வரவில்லை. ஹெர் செய்துகொடுத்த கால்களால் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். ஆல்பர்ட் டவ்வின் அம்மாவுக்கு அதனால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

அந்த நியூ ஹாம்ப்ஷயரில் அலட்சியமாகப் போய் மாட்டியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கேரளாவில் மலம்புழா பக்கத்தில் ஒரு இளைஞர் மலை இடுக்கில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டபோது இந்தப் பேச்சு பலமாக அடிபட்டது. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தது. காற்றினால் நெருங்க முடியவில்லை. ஹெலிகாப்டர் என்றால் சினிமாவில் வருவதுபோல் எங்கும் போய் நிற்கும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். கடைசியில் ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கித் தூக்கினார்கள். செலவு முக்கால் கோடி வரை என்று செய்திகளில் எழுதினார்கள். சில நாள் கழித்து அதே மலையில் மறுபடி ஒரு ஆள் ஏற, மறுபடி தேடப் போனார்கள்.

ஆனாலும் மீட்புக்குப் பில் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். காரணம் அனுபவம்தான். பணம் கேட்பார்கள் என்று தெரிந்தால் மாட்டியவன் கூப்பிடமாட்டான். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று இருட்டும்வரை இருப்பான். பகல் 3 மணிக்கு வரவேண்டிய அழைப்பு ராத்திரி 8 மணிக்கு வரும். இருட்டில், ஏறிய வெள்ளத்தில் இறங்கவேண்டியது யார்? மறுபடியும் அந்தக் கயிற்று ஆள்தான். அபராதம் போடவேண்டிய இடம் பாறைத் திட்டு இல்லை, தடுப்புக் கட்டை. தடை போட்ட நாளில் அதைத் தாண்டுகிறவனுக்கும், அந்த நாளில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வேன்காரருக்கும், 'யாருக்கும் தெரியாத அருவி' என்று விளம்பரம் போட்டுக் காட்டுப் பாதையில் கூட்டிப் போகும் விடுதிக்காரருக்கும் அங்கேயே, அப்போதே, வலிக்கிற மாதிரி போடவேண்டும். மாட்டிக்கொண்ட பிறகு கேள்வி கேட்காமல் தூக்கவேண்டும்.

"அப்போ பிள்ளைகள் வீட்டுக்குள்ளயே கிடக்கணுமா? சாகசம் இல்லாம என்ன வாழ்க்கை?" என்றும் கேட்பீர்கள். நான் சாகசத்துக்கு எதிரி இல்லை. பிள்ளைகள் மலை ஏறட்டும், காடு பார்க்கட்டும், நீச்சல் கற்கட்டும். உண்மையான சாகசக்காரன் யார் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் தகராறு. யோரான் க்ராப் என்று ஒரு ஸ்வீடன்காரர். 1996-இல் எவரெஸ்ட் ஏறுவதற்காகத் தன் ஊரிலிருந்து நேபாளம் வரை சைக்கிளிலேயே வந்தவர். மே மாதத் தொடக்கத்தில் தனியாக ஏறி, உச்சிக்கு 100 மீட்டர் இருக்கும்போது, நேரமாகிவிட்டது, இனி போனால் இறங்கமுடியாது என்று திரும்பிவிட்டார். அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்தவன் 100 மீட்டரில் திரும்புவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அடுத்த வாரம் அடித்த புயலில் அந்த மலையில் எட்டுப் பேர் இறந்தார்கள். க்ராப் காத்திருந்து மே 23 அன்று உச்சியைத் தொட்டார். மலை எங்கும் போய்விடாது. குற்றாலமும் எங்கும் போய்விடாது. தடை நீங்கிய பிறகு போனால் அதே அருவி அங்கேயே கொட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் பையன்களுக்கு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், இனி நமக்கு. வானிலைச் செய்தியை மதிக்காதவர்களில் நம் வயதுக்காரர்கள் குறைச்சல் இல்லை. "92-லயே வெள்ளம் பார்த்தவன் நான்" என்று மார்தட்டுவோம். பார்த்தோம், கரையில் நின்று பார்த்தோம். சதுரகிரிக்கு அமாவாசைக்குப் போயே ஆகவேண்டும் என்று வனத்துறை கேட்டில் அழுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், சிபாரிசு பிடிக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள்தான். தாணிப்பாறையிலிருந்து மேலே போகும் வழியில் எத்தனை ஓடை என்று போனவர்களுக்குத் தெரியும். ஏறும்போது காய்ந்து கிடக்கும் ஓடை, இறங்கும்போது ஆளை விழுங்கும். 2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதற்கப்புறமும் எத்தனை முறை கயிறு கட்டிப் பக்தர்களை ஓடை கடத்திவிட்டிருக்கிறார்கள்! எழுபது கிலோ ஆளை டோலியில் வைத்து வழுக்குப்பாறையில் இறக்குவது என்றால் என்ன என்று சுமந்தவனைக் கேட்கவேண்டும். மகாலிங்கம் அடுத்த அமாவாசைக்கும் அங்கேதான் இருப்பார். தன்னைக் கும்பிட வருவதற்காக ஒரு பளியர் வீட்டுப் பிள்ளை வெள்ளத்தில் இறங்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்.

வெள்ளத்துக்கு முன்னால் நின்று எடுத்த வீடியோ வந்தால் கட்டைவிரல் போடாதீர்கள், அடுத்த ஆளுக்கு அனுப்பாதீர்கள். நாம் தட்டுகிற கைதான் அடுத்தவனை இறக்குகிறது. பேரப்பிள்ளைகள் மழை நாளில் "தாத்தா, ஃப்ரண்ட்ஸோட அருவிக்குப் போறோம்" என்று வந்தால் அலர்ட் என்ன நிறம் என்று முதலில் கேளுங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முறைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும். வேறு நாளில் போகும்போது எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகப் பழக்குங்கள். தேடுகிறவனுக்கு அதுதான் பாதி வேலை. தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, இலை தழை சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சோப்பையும் துண்டையும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடச் சொல்லுங்கள். கூட வந்தவன் வழுக்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்கக்கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள். ஒருவனுக்காக ஒருவன் குதித்து ஒரே வீட்டில் மூன்று பாடை கட்டிய கதைகள் நம் ஆற்றங்கரையில் ஏராளம். கம்பை நீட்டலாம், துண்டையோ சேலையையோ முடிந்து வீசலாம், காலிக் குடத்தை, பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் போடலாம். அப்படியும் மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். 101 அல்லது 112. வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

ஏப்ரல் 14 தமிழ் வருடப் பிறப்பு. நீங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடியும் பாயசமும் சாப்பிடும் அதே காலையில் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் பணியில் உயிர்விட்டவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகத் தொடங்கிய வழக்கம் அது. 33 வருடம் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். தீயில் போனவர்களுக்காக, இடிபாட்டில் போனவர்களுக்காக நிற்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் மனம் ஒப்பும். அது நாங்கள் ஏற்றுக்கொண்டு வந்த வேலை. ஒரு வீடியோவுக்காகத் தடுப்பைத் தாண்டினவனைத் தூக்கப் போய் ஒருவர் இறந்தால், அந்த மலர்வளையத்தை எந்த மனதோடு வைப்பது?

இந்த மழைக்காலத்தில் அப்படி ஒரு வளையத்துக்கு வேலை வராமல் இருக்கட்டும். பேரனை இன்று வீட்டில் நிறுத்தி வையுங்கள். யாரோ ஒரு தீயணைப்போர் இன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டோடு முடிப்பார்.